முறிந்த காலும் தகடும் திருகாணியும்

மாணவ நண்பர்களே, முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தில் உங்கள் விரலை வைத்து, மேலிருந்து கீழாக ஒருமுறை தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் தசை ஏதுமின்றி, மழுங்கிய கத்தியின் விளிம்பைப் போன்று ஓர் எலும்பு நெடுக ஓடுவதை உணர்வீர்கள். அதுவே கணைக்கால் உள்ளெலும்பு. அதற்கு வெளிப்புறமாக, மெலிந்த துணைவனைப் போல, மற்றோர் எலும்பு நிற்கிறது. அது கணைக்கால் வெளியெலும்பு. நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் உடலின் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது உள்ளெலும்பே. ஆகவே, கால் முறிந்தது என்று மருத்துவர் கூறினால், முதலில் அவர் கவலைப்படுவது இவ்வுள்ளெலும்பைப் பற்றியே ஆகும்.

உங்கள் விரல் உணர்ந்த அந்தச் சிறு செய்தி, அதாவது எலும்பின் முன்புறத்தில் தசைப் போர்வை இல்லை என்பது, இன்றைய பேச்சு முழுவதற்கும் வேராகும். அதனால் மூன்று இடர்கள் விளைகின்றன. முதலாவது, எலும்பு முறிந்தால் அதன் கூர்முனை எளிதில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. இரண்டாவது, தசை மிகுந்த இடங்களில் எலும்புக்குக் கிடைக்கும் குருதி வளம் இங்கே கிடைப்பதில்லை. கணுக்காலை நெருங்க நெருங்க அந்தக் குறை மிகுகிறது. மூன்றாவது, அறுவை மருத்துவர் இங்கே கத்தி வைத்தால், மெல்லிய தோல் ஒன்றே அந்தப் புண்ணை மூடி ஆற வேண்டியிருக்கிறது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால், தகட்டையும் திருகாணியையும் பற்றிய பின்வரும் செய்திகள் தாமாகவே விளங்கும்.

முறிந்த எலும்பு தானே கூடும் ஆற்றல் உடையது. முறிவு நேர்ந்தவுடன் அவ்விடத்தில் குருதி கசிந்து உறைகிறது. சில நாட்களில் அவ்வுறைவினுள் நுண்ணிய குருதிக் குழாய்கள் தளிர்விட, மென்மையான இளந்திசு தோன்றுகிறது. அது நாரும் குருத்தெலும்புமாகத் தடிக்கிறது. பின்னர் அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து, அது எலும்பாக இறுகுகிறது. முறிவைச் சுற்றி முடிச்சுப் போலத் திரண்டு நிற்கும் இப்பகுதியை எலும்புத் திரட்சி என்று கூறுவோம். காலப்போக்கில் வேண்டாத பகுதி கரைய, எலும்பு ஏறக்குறையப் பழைய வடிவை அடைகிறது. தோல் ஆறினால் தழும்பு நிற்கும். எலும்போ தழும்பாக ஆறாமல், எலும்பாகவே ஆறுகிறது. உறுப்புகளுள் இத்தகைய சிறப்பு அரிது.

இந்த வேலை நடைபெற இரண்டு தேவைகள் உள்ளன. ஒன்று குருதியோட்டம், மற்றொன்று ஓரளவு அசைவின்மை. குருதி இல்லையேல் கட்டுமானப் பொருள் வந்து சேராது. அசைவு மிகுந்தாலோ, கட்டியது கட்டியவாறே இடிந்துபோகும். இங்கேதான் சிக்கல் எழுகிறது. அசைவை அடக்கவேண்டுமானால் காலைத் திறந்து தகடு பொருத்த வேண்டும். காலைத் திறந்தாலோ குருதிக் குழாய்கள் அறுபடுகின்றன. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கும் இந்த முரண்பாட்டை எவ்வாறு தீர்ப்பது? நூறாண்டுகளுக்கும் மேலாக நடைபெற்ற ஆராய்ச்சியின் சாரம் இக்கேள்வியே.

காலைத் திறவாமலே அசைவை அடக்கும் வழி பழங்காலந்தொட்டு உண்டு. மூங்கில் சிம்பு வைத்துக் கட்டும் வழக்கத்தை நாம் அறிவோம். நெதர்லாந்து நாட்டுப் படை மருத்துவர் அந்தோனியஸ் மத்தைசன் என்பவர், சுண்ணத் தூள் தடவிய துணிச்சுருளை நனைத்துக் கட்டும் முறையை 1852-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று நாம் மாவுக்கட்டு என்று கூறுவது அதன் வழி வந்ததே. மாவுக்கட்டு இன்றும் மதிப்பு இழந்துவிடவில்லை. சிறுவர்களின் முறிவுகள் பலவும், இடம்பெயராத முறிவுகளும் அதனாலேயே நன்கு ஆறுகின்றன. ஆயினும், சாய்வாகவோ பல துண்டுகளாகவோ முறிந்த எலும்பு மாவுக்கட்டினுள்ளே வழுக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதுண்டு. அப்போது கால் குறுகும். அல்லது கோணலாகக் கூடும். மேலும், முறிவு அசையாதிருக்க முழங்காலையும் கணுக்காலையும் சேர்த்தே கட்ட வேண்டியிருப்பதால், பல வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரிக்கும்போது மூட்டுகள் விறைத்தும் தசைகள் மெலிந்தும் இருக்கும். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கால் நடக்க மறுக்கிறது என்ற நிலை பலருக்கு ஏற்பட்டது. உடல் உழைப்பால் வாழ்வோருக்கு இது வாழ்வையே குலைக்கும் செய்தியாகும்.

அப்படியானால் எலும்பை நேரே திறந்து இணைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரையில் அது உயிரோடு விளையாடுவதாக இருந்தது. தோல் கிழிந்து எலும்பு வெளித்தெரிந்தாலே, புண் சீழ்ப்பிடித்து, காலை வெட்டி எடுக்கவேண்டிய நிலையோ மரணமோ நேர்வது வழக்கம். 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில், ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற பதினொரு வயதுச் சிறுவனின் காலின்மேல் ஒரு வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. கணைக்கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்தது. அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியால் அப்புண்ணை மூடிக் கட்டினார். புண் சீழ்ப்பிடிக்கவில்லை. ஏறக்குறைய ஆறு வாரங்களில், வெட்டப்படாத தன் கால்களோடு அச்சிறுவன் வீடு திரும்பினான். கிருமியகற்றும் அறுவை முறை இவ்வாறு ஒரு சிறுவனின் முறிந்த காலிலே தொடங்கியது. பின்னர் 1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். தோலைத் திறவாமலே முறிவின் வடிவத்தைக் காணும் கண் மருத்துவருக்குக் கிடைத்தது.

இவ்விரண்டு கொடைகளுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே தகடு பிறந்துவிட்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஹான்ஸ்மன், 1886-ஆம் ஆண்டில், உலோகத் தகட்டைத் திருகாணிகளால் எலும்பில் பொருத்தும் முறையை அறிவித்தார். தகட்டின் ஒரு முனையும் திருகாணிகளின் காம்புகளும் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு அவர் அமைத்தார். மீண்டும் அறுவை செய்யாமலே அவற்றைக் கழற்றிவிடலாம் என்பது அவர் கருத்து. லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்பவர், கோணலாகக் கூடிய கால்களோடு துறைமுகத் தொழிலாளர்கள் வேலையிழந்து வாடியதைக் கண்டு, எலும்பைச் செம்மையாகப் பொருத்தும் அறுவையில் முனைந்தார். விரல் புண்ணைத் தொடாதவாறு நீண்ட கருவிகளைக் கொண்டே பணிசெய்யும் கண்டிப்பான முறையை அவர் கையாண்டார். பெல்ஜிய நாட்டு அறுவை மருத்துவர் ஆல்பின் லாம்போட், எலும்பிணைப்பு என்னும் பொருள்படும் கலைச்சொல்லையே உருவாக்கினார். 1907-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலில் அச்சொல் இடம்பெற்றது. தம் கருவிகளைத் தாமே வடித்த லாம்போட், ஓய்வு நேரத்தில் வயலின்கள் செய்வதிலும் வல்லவர்.

மரத்தை இணைக்கும் கைவினைக்கும் எலும்பை இணைக்கும் கலைக்கும் உறவு உண்டு என்பதற்கு லாம்போட் நல்ல சான்று. ஆனால் மாணவர்களே, அவ்வுறவுக்கு ஓர் எல்லையும் உண்டு. தச்சர் இணைக்கும் மரம் உயிரற்றது. மருத்துவர் இணைக்கும் எலும்போ உயிருள்ளது. இவ்வேறுபாட்டை முழுவதும் உணர மருத்துவ உலகிற்கு மேலும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

அக்காலத் தகடுகள் உடலின் உப்புநீரில் துருப்பிடித்தன. திருகாணிகள் தளர்ந்தன; தகடுகள் ஒடிந்தன. 1930-களில் அமெரிக்காவைச் சேர்ந்த வெனபிள், ஸ்டக் என்னும் இருவர், வேறுவேறு உலோகங்களை உடலினுள் சேர்த்து வைத்தால் அங்கே ஒரு சிறு மின்கலமே உண்டாகி எலும்பை அரிக்கிறது என்று காட்டினர். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் துத்தநாகத் தகட்டையும் செப்புத் தகட்டையும் அமிலத்தில் வைத்துச் செய்யும் சோதனையே, நோயாளியின் காலுக்குள் நடந்துகொண்டிருந்தது! இன்று, துருப்பிடிக்காத சிறப்பு எஃகும் டைட்டேனியமுமே பெரும்பாலும் பயன்படுகின்றன.

உலோகச் சிக்கல் தீர்ந்தபின், பொருத்தும் முறை பற்றிய ஆராய்ச்சி வலுப்பெற்றது. பிரஸ்ஸல்ஸ் நகரைச் சேர்ந்த ராபர்ட் டானிஸ் 1949-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். முறிந்த முனைகளை இம்மியும் இடைவெளியின்றிப் பொருத்தி, இறுக அழுத்தி வைத்தால், எலும்புத் திரட்சி தோன்றாமலே எலும்பு நேரடியாகக் கூடுகிறது என்று அவர் கண்டார். மறு ஆண்டில் அவரைச் சென்று கண்ட இளம் சுவிஸ் மருத்துவர் மாரிஸ் முல்லர், அக்கருத்தைத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றார். 1958-ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், முல்லரும் ஆல்கோவர், வில்லனெகர், ஷ்னைடர் முதலியோரும் ஆகப் பதின்மூவர் கூடி, எலும்பிணைப்பு பற்றி ஆராயும் குழு ஒன்றை நிறுவினர். ஏ.ஓ. என்னும் சுருக்கப் பெயரால் உலகம் அறியும் குழு அதுவே. அவர்கள் தாவோஸ் என்னும் மலையூரில் ஆய்வுக்கூடம் அமைத்தனர். ராபர்ட் மாத்திஸ் என்னும் கருவி வல்லுநரைத் துணைக்கொண்டனர். தாங்கள் செய்த ஒவ்வோர் அறுவையின் விளைவையும், வெற்றியாயினும் தோல்வியாயினும், பதிந்து வைத்தனர். அவர்கள் வளர்த்த முறைகளையே இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் முறை, இழுப்புத் திருகாணி முறை. இரு மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திருகாணி முடுக்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். திருகாணியின் புரிகள் இரண்டு பலகைகளையும் ஒருங்கே பற்றிக்கொண்டால், எவ்வளவு முடுக்கினாலும் இடையிலுள்ள சந்து மூடாது. ஆகவே அனுபவமுள்ள தச்சர் மேற்பலகையின் துளையைச் சற்று அகலமாக்குவார். அப்போது புரிகள் கீழ்ப்பலகையை மட்டுமே பற்றும். திருகாணியின் தலை மேற்பலகையைக் கீழே அழுத்தும். இரண்டும் இறுகச் சேரும். எலும்பிலும் இதுவே நிகழ்கிறது. 4.5 மி.மீ. பருமனுள்ள திருகாணியை இவ்வாறு இடும்போது, அருகிலுள்ள எலும்புச் சுவரில் 4.5 மி.மீ. துளையும், எதிர்ச் சுவரில் 3.2 மி.மீ. துளையும் இடுவது வழக்கம். சாய்வாகவோ சுருளாகவோ முறிந்த எலும்புக்கு இம்முறை மிகப் பொருந்தும். ஆனால், ஒரே திருகாணி காலின் முறுக்கத்தையும் வளைவையும் தாங்காது. எனவே அதன்மேல் ஒரு தகட்டைப் பாலித்துக் காப்பாகப் பொருத்துகிறார்கள். இங்கே இணைப்பது திருகாணி, காப்பது தகடு.

இரண்டாவது, அழுத்தத் தகடு முறை. முருங்கைக்காயை ஒடித்ததுபோல எலும்பு குறுக்கே முறிந்தால், முறிவுக்குச் செங்குத்தாகத் திருகாணி இடுவதற்கு வழியில்லை. அங்கே தகடே முனைகளை நெருக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டில் வெளிவந்த தகடு ஒன்று இதனை அழகாகச் செய்தது. அதன் துளைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். துளையின் ஓரம் ஒரு சரிவுப் பாதையாகக் கடையப்பட்டிருக்கும். திருகாணியைச் சரிவின் உச்சியில் வைத்து முடுக்கினால், அதன் உருண்டைத் தலை சரிவில் இறங்கும். இறங்கும்போது, திருகாணி பற்றியிருக்கும் எலும்பும் ஏறக்குறைய 1 மி.மீ. அளவு முறிவை நோக்கி நகரும். சாய்தளம் என்று நீங்கள் இயற்பியலில் படிக்கும் எளிய எந்திரம், இங்கே ஒரு சிறு துளைக்குள் மறைந்து வேலை செய்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. தகடு ஒரு பக்கத்தில் மட்டும் நெருக்குவதால், எதிர்ப்பக்கத்தில் முறிவு வாய் பிளக்கக்கூடும். அதைத் தடுக்க, தகட்டை முன்கூட்டியே நடுவில் சிறிது வளைத்துப் பொருத்துவார்கள். முடுக்கும்போது தகடு நிமிர முயல, எதிர்ப்பக்கமும் நன்கு நெருங்கும்.

இவ்விரு முறைகளும் முழு அசைவின்மையைத் தருவன. முறிந்த கோட்டை இடைவெளியின்றிச் சேர்ப்பதால், எலும்பணுக்கள் அக்கோட்டை நேரே துளைத்துச் சென்று புதிய எலும்பை நிரப்புகின்றன. நோயாளி சில நாட்களிலேயே கணுக்காலை அசைத்துப் பயிற்சி செய்யலாம். மாவுக்கட்டின் பெருங்குறை இவ்வாறு நீங்கியது.

ஆனால் வெற்றியின் நடுவே ஒரு தீமையும் வளர்ந்தது. ஒவ்வொரு துண்டையும் கண்ணால் கண்டு சேர்க்க வேண்டும் என்ற ஆர்வத்தினால், மருத்துவர்கள் நீளமாக வெட்டி, தசையையும் எலும்புறையையும் விலக்கினர். எலும்புறை என்பது எலும்பைப் போர்த்திருக்கும் குருதி வளம் நிறைந்த சவ்வு. அது உரிக்கப்பட்டபோது சிறு துண்டுகள் உணவின்றி மாண்டன. மேலும், அழுத்தத் தகடு நிலைத்து நிற்பது உராய்வினால். திருகாணி அதை எலும்போடு இறுக அழுத்துவதால்தான் அது நழுவாமல் இருக்கிறது. அந்த அழுத்தமே தகட்டின் அடியிலுள்ள குருதி நுண்குழாய்களை நசுக்கியது. தகட்டின் கீழே எலும்பு நலிந்திருப்பதும், தகட்டைக் கழற்றியபின் சிலருக்கு எலும்பு மீண்டும் முறிவதும் காணப்பட்டன. எஃகு எலும்பைவிடப் பத்து மடங்கு விறைப்பானது. ஆகவே அது சுமையைத் தானே தாங்கி எலும்பைச் சோம்பலாக்கிவிட்டது என்றே முதலில் கருதினர். தாவோசில் ஆராய்ந்த ஸ்டெபான் பெர்ரெனும் அவர் குழுவினரும், குருதி தடைப்பட்டதே அந்நலிவுக்குப் பெருங்காரணம் என்று எடுத்துக்காட்டினர். எலும்பு மரம் அன்று என்ற உண்மை இவ்வாறு உறைத்தது.

அதே பெர்ரென் மற்றொரு சிறந்த கருத்தையும் அளித்தார். அதற்குக் கணக்கு மிக எளியது. முறிவின் இடைவெளி 1 மி.மீ. என்று கொள்வோம். கால் அசையும்போது முனைகள் 1 மி.மீ. விலகினால், இடையிலுள்ள இளந்திசு தன் நீளத்தைப்போல் நூற்றுக்கு நூறு பங்கு இழுபடுகிறது. இடைவெளி 10 மி.மீ. ஆக இருந்து, அதே 1 மி.மீ. அசைவு நேர்ந்தால், இழுபடுவது நூற்றுக்குப் பத்துப் பங்கே. முதலில் தோன்றும் மெல்லிய இளந்திசு ஏறக்குறைய நூறு விழுக்காடு இழுப்பையும் பொறுக்கும். குருத்தெலும்பு பத்து விழுக்காடு அளவே பொறுக்கும். முதிர்ந்த எலும்போ இரண்டு விழுக்காட்டுக்கு மேல் பொறுக்காது. இதிலிருந்து என்ன விளங்குகிறது? ஒற்றைக் கோடாக முறிந்த எலும்பில் சிறு அசைவும் பெருங்கேடு; ஆகவே அங்கே முழு அசைவின்மை வேண்டும். பல துண்டுகளாக நொறுங்கிய எலும்பிலோ, மொத்த அசைவு பல இடைவெளிகளுக்கும் பகிர்ந்து போவதால், ஒவ்வோர் இடத்திலும் இழுப்புக் குறைவு. அங்கே சிறிது அசைவு இருப்பது கேடு செய்யாது. மாறாக, எலும்புத் திரட்சி வளரத் தூண்டுதலாகிறது.

இந்த அறிவின் பயனாக எழுந்ததே மூன்றாவது முறை. அதற்குப் பாலத் தகடு முறை என்று பெயர். ஆற்றின்மேல் கட்டிய பாலம் இரு கரைகளிலும் ஊன்றி நிற்கிறது. நடுவே ஓடும் வெள்ளத்தைத் தொடுவதில்லை. அதுபோலவே, நீண்ட தகடு முறிவுக்கு மேலும் கீழும் உள்ள நல்ல எலும்பில் மட்டும் ஊன்றப்படுகிறது. நொறுங்கிய பகுதி திறக்கப்படுவதே இல்லை. கணுக்காலின் உட்புறத்தில் ஒரு சிறு வெட்டு. அதன் வழியே, எலும்புறைக்கு மேலாகவும் தோலுக்குக் கீழாகவும், தகட்டை மேல்நோக்கிச் செலுத்துவர். எக்ஸ்-கதிர்த் திரையைப் பார்த்தபடி, சிறு துளைகள் வழியே திருகாணிகளை இடுவர். துண்டுகள் ஒவ்வொன்றும் அணுவளவும் பிசகாமல் சேரவேண்டும் என்பதில்லை. காலின் நீளம், நேர்கோடு, பாதம் திரும்பியிருக்கும் திசை ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால் போதும். எஞ்சியதை இயற்கை பார்த்துக்கொள்ளும். ஆனால் முறிவு மூட்டின் வழவழப்பான பரப்புக்குள் சென்றிருந்தால், அப்பரப்பை மட்டும் இம்மியும் பிசகாமல் பொருத்தியே ஆகவேண்டும்.

இதற்கு உற்ற துணையாக வந்தது பூட்டுத் தகடு. 2000-ஆம் ஆண்டையொட்டி இது பெருவழக்காயிற்று. இதில் திருகாணியின் தலையிலும் புரி உண்டு. தகட்டின் துளையிலும் புரி உண்டு. முடுக்கும்போது இரண்டும் பூட்டிக்கொள்வதால், திருகாணியும் தகடும் ஒரே பொருளாகி, சீப்பின் பற்கள் சீப்போடு ஒன்றியிருப்பதுபோல் நிற்கின்றன. சுவரில் அடித்த தனித்தனி ஆணிகள் ஒவ்வொன்றாகத் தளரலாம். சீப்பின் பற்கள் அவ்வாறு தளர்வதில்லை. முதுமையால் எலும்பு நொய்ந்தவர்களுக்கு இது பெரும் நன்மை. மேலும், நிலைத்து நிற்க உராய்வு தேவையில்லாததால், தகடு எலும்பை நசுக்கவேண்டிய அவசியமும் இல்லை. எலும்புறையின் குருதி பிழைக்கிறது.

அப்படியானால், புதிய பூட்டுத் தகடே எல்லா முறிவுக்கும் சிறந்தது என்று முடிவு செய்துவிடலாமா? கூடாது. பூட்டுத் திருகாணிக்கு எலும்பை இழுத்து நெருக்கும் ஆற்றல் இல்லை. இடைவெளியோடு பூட்டினால் அந்த இடைவெளி இடைவெளியாகவே நிற்கும். குறுக்கே முறிந்த எலும்பில் சிறு இடைவெளி விட்டு மிக விறைப்பாகப் பூட்டிவிட்டால், நேரடியாகக் கூடுவதற்குத் தேவையான நெருக்கமும் இல்லை. திரட்சி வளரத் தேவையான அசைவும் இல்லை. எலும்பு கூடாமலே நாட்கள் கழியும். அந்நாட்களில் ஒவ்வோர் அடியிலும் தகடு நுண்ணளவு வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடிவதுபோல, இறுதியில் தகடும் ஒடிந்துபோகும். எலும்பு முன்னே கூடுகிறதா, உலோகம் முன்னே அயர்கிறதா என்னும் பந்தயம் ஒவ்வொரு நோயாளியின் காலிலும் நடைபெறுகிறது. அதில் எலும்பை வெல்லச் செய்வதே மருத்துவரின் கலை. ஆகவே, சாய்வு முறிவுக்கு இழுப்புத் திருகாணியும் காப்புத் தகடும், குறுக்கு முறிவுக்கு அழுத்தத் தகடு, நொறுங்கிய முறிவுக்குப் பாலத் தகடு என்று, முறிவின் வடிவம் அறிந்தே முறையைத் தேர்ந்துகொள்கிறார்கள்.

இங்கே மற்றொன்றையும் கூறாமல் விடலாகாது. வளர்ந்தவர்களின் கணைக்கால் எலும்பு நடுப்பகுதியில் முறிந்தால், இன்று பெரும்பாலும் தகட்டைவிட உள்ளாணியையே விரும்புகிறார்கள். எலும்பின் மஜ்ஜைக் குழாய் வழியே நீண்ட ஆணியைச் செலுத்தி, இரு முனைகளிலும் குறுக்குத் திருகாணிகளால் பூட்டும் முறை அது. ஜெர்மானியராகிய கெர்ஹார்டு கூன்ட்ஷர் உள்ளாணி முறைக்கு முன்னோடி. தகட்டுக்கு உரிய இடம் முழங்காலையும் கணுக்காலையும் அடுத்த பகுதிகளே. அங்கே குழாய் அகன்றிருப்பதால் ஆணிக்குப் பிடிப்புக் குறைவு. மூட்டுக்குள் செல்லாத, கணுக்காலை அடுத்த முறிவுகளில் இவ்விரண்டில் எது மேல் என்று அறிய, பிரிட்டனில் 28 மருத்துவமனைகளில் 321 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். 2017-ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. ஆறு மாத இறுதியில், நடமாடும் திறனில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. கருவியைப் பற்றிய வாதம் எவ்வளவு சூடாக இருந்தாலும், இறுதித் தீர்ப்பை அளிப்பது நோயாளியின் நடையே என்பதை இவ்வாராய்ச்சி நினைவூட்டுகிறது.

கருவியைவிடச் சில வேளைகளில் பொறுமையே பெரிது. கால் வீங்கி, தோல் பளபளத்துக் கொப்புளித்திருக்கும்போது வெட்டினால், அந்த மெல்லிய தோல் மீண்டும் மூடாமல் போகலாம். ஆகவே கணுக்காலை அடுத்த முறிவுகளில், ஓரிரு வாரம் காத்திருந்து, வீக்கம் வற்றித் தோலில் சுருக்கம் தோன்றியபின் அறுவை செய்வதுண்டு. தாமதம் என்று வீட்டார் குறைப்படும் அந்நாட்கள் உண்மையில் காலைக் காக்கும் நாட்களாகும்.

அறுவை முடிந்தபின் நோயாளிக்கும் கடமை உண்டு. உள்ளெலும்பு முழுமையாகக் கூடப் பொதுவாக நான்கு மாதங்களோ அதற்கு மேலோ ஆகும். எப்போது, எவ்வளவு எடை ஊன்றலாம் என்று மருத்துவர் கூறுகிறாரோ, அதன்படியே நடக்க வேண்டும். வலி இல்லை என்பதற்காக முன்னதாக ஊன்றினால், நாம் கூறிய பந்தயத்தில் உலோகம் தோற்றுவிடும். புகைபிடிப்பது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது என்பதும் நன்கு தெளிந்த உண்மை. புகை குருதியோட்டத்தைக் குறைக்கிறது. குருதியே எலும்பின் கொத்தனார். இளைஞர்கள் இதைச் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும்.

மருத்துவர் வருமுன் நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. சாலையில் ஒருவர் கால் முறிந்து கிடந்தால், காலை இழுத்து நிமிர்த்த முயலாதீர்கள். புண் இருந்தால் தூய துணியால் மூடி, குருதி பெருகினால் அழுத்திப் பிடியுங்கள். முழங்காலும் கணுக்காலும் அசையாதவாறு, ஒரு பலகையையோ குடையையோ சிம்பாக வைத்து, மிக இறுக்காமல் கட்டுங்கள். மயக்க மருந்து கொடுக்க நேரலாம் ஆதலால், உண்ணவும் பருகவும் எதுவும் கொடுக்க வேண்டாம். 108 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். கட்டிய பின்பு வலி குறையாமல் மேன்மேலும் மிகுந்து, கால் விரல்கள் மரத்துப்போனாலோ, விரல்களை நீட்டும்போது தாங்கமுடியாத வலி எழுந்தாலோ, தசைக் கூடுகளுக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று அறியுங்கள். சில மணி நேரத்துக்குள் மருத்துவர் அந்த அழுத்தத்தைத் தளர்த்தாவிட்டால் தசை அழிந்துவிடும். இந்த ஓர் அறிகுறியைத் தெரிந்துவைத்திருப்பவர், யாரோ ஒருவரின் காலை ஒருநாள் காக்கக்கூடும்.

நண்பர்களே, ஹான்ஸ்மனின் தகட்டிலிருந்து இன்றைய பூட்டுத் தகடு வரை உள்ள வரலாற்றை எண்ணிப் பார்த்தால், உலோகம் வலுப்பெற்ற கதையாகவே அது முதலில் தோன்றும். உண்மையில் அது, மனிதன் தன் கைத்திறனுக்கு எல்லை வகுத்துக்கொண்ட கதை. முதலில் எலும்பைத் தான் இணைப்பதாக அவன் எண்ணினான். பிறகு, எலும்பு தானே கூடுகிறது, தான் அதற்கு இடையூறு செய்யாமல் துணைநிற்க வேண்டும் என்று உணர்ந்தான். தகடு எலும்பை ஒட்டுவதில்லை. எலும்பு தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளும் வரை அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு பிடிப்பது, எவ்வளவு விடுவது என்று அறிந்த கையே நல்ல மருத்துவரின் கை.